எட்டுத் துப்பாக்கிகளும் ஓர் அமாவாசையும்

1

என் அலுவலகத்துக்கு முதல்முறையாக வருகிற தமிழர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார்கள். சாமி படம் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரு ஜோடிக் கொம்பு தொங்குகிறது. ஆப்பிரிக்காவில் கூடூ என்று ஒரு பெரிய மான் உண்டு. அதன் கொம்பு முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகும்.

"என்ன மல்லிகா, வேட்டைக்கெல்லாம் போறீங்களா?"

"நான் போகலைங்க. அனுப்பி வைக்கிறேன்."

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். உண்மையாகவே அதுதான் என் தொழில். டெக்ஸாஸ் மாநிலத்தில் காப்பெல் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கரூரில் பிறந்த நான், அமெரிக்கர்களை ஆப்பிரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் வேட்டைக்கு அனுப்புகிறேன். கூடவே நம்மவர்களைச் சென்னைக்கும் அனுப்புகிறேன். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், நம்மவர்கள்தான். துப்பாக்கிக்காரர் எவரும் ஜன்னல் சீட்டுக்காக என்னிடம் அழுததில்லை.

இந்த 2001 ஜூன் மாதத்தோடு முதல் வேட்டைக் கோஷ்டியை அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே இருக்கிற தமிழர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? நானும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதில் நான் பார்ப்பது வேறு. அந்தக் கதையைக் கொஞ்சம் பெருமையோடு எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொண்ணூற்றெட்டாம் வருஷ வசந்தத்தில் எங்கள் பகுதியில் ஆலங்கட்டி மழை. ஆலங்கட்டி என்றால் ஊரில் குழந்தைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு விழுந்தது. கார் கண்ணாடி போயிற்று, வீட்டுக் கூரை ஓடெல்லாம் பெயர்ந்துவிட்டது. கூரை போட வந்தவர்தான் வேய்ன். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த கழுத்து. அவருடைய ஆங்கிலம் நம் கொங்குப் பேச்சுப்போல இழுத்து இழுத்து மரியாதையோடு வரும். அதனால் இங்கே அவர் பேச்சைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், என் சாப்பாட்டு மேஜை முழுக்க விமான டிக்கெட்டுகள் பரப்பிக் கிடப்பதைப் பார்த்தார். அப்போது நான் வீட்டிலிருந்தே டிக்கெட் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கும் மூர்த்தி அண்ணன் மொத்தமாக டிக்கெட் எடுப்பவர். அவரிடமிருந்து வாங்கி இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுப்பேன். அதற்குக் கமிஷன்.

"ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவீங்களா, மேடம்?" என்றார் வேய்ன்.

"எத்தனை பேர்?"

"எட்டுப் பேர். நான், எங்கப்பா, தம்பிங்க, சர்ச் ஆளுங்க. நமீபியாவுக்கு. வேட்டைக்கு. எங்கப்பாவுக்குச் சின்ன வயசிலேருந்து ஆசை. இப்ப விட்டா இனி முடியாது."

நான் உடனே கேட்டது: "உங்கப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்? சுகர் இருக்கா? ரொம்ப தூரம் நடப்பாரா, வீல்சேர் போடணுமா?"

வேய்ன் கையில் தண்ணீர் டம்ளரோடு என்னையே பார்த்தார். டாலஸில் வேட்டைப் பயணத்துக்கென்றே இருக்கிற ஒரு பெரிய ஏஜெண்டிடம் ஏற்கெனவே போய்வந்திருக்கிறார். அந்த ஆள் தான் சுட்ட சிங்கத்தைப் பற்றியே பேசினாராம். அப்பாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்டது நான் ஒருத்திதானாம். நான் என்ன அதிசயமாகவா கேட்டேன்? வருஷா வருஷம் நம்மவர்களின் அப்பா அம்மாக்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குகிறவள். வீல்சேருக்குச் சொல்லிவைப்பதில் என்னை மிஞ்ச இந்த டெக்ஸாஸில் ஆள் கிடையாது.

"அப்ப நீங்களே பண்ணுங்க, மிஸ் மல்லி" என்று சொல்லிவிட்டுக் கூரைமேல் ஏறிப்போனார்.

சாயங்காலம் என் கணவர் சேகரிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"துப்பாக்கியா? உனக்கென்ன பைத்தியமா? ஊர்ல எல்லார் வீட்டு லேடீஸும் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணி வேலைக்கு ஜாயின் பண்ணிட்டாங்க. நீ என்னடான்னா டிக்கெட், வேட்டைங்கிற."

அது உண்மை. அந்த வருஷங்களில் காப்பெல், சன்னிவேல், எடிசன் என்று எந்த ஊரில் தமிழ்ப் பெண்கள் கூடினாலும் பேச்சு டெஸ்டிங்கில்தான் போய் முடியும். சாப்ட்வேரில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. சில வாரப் பயிற்சி போதும். விமானக் கம்பெனிகள் எங்கள் கமிஷனை வெட்டிக்கொண்டே வந்தன. ஜனங்கள் இன்டர்நெட்டில் தாங்களே டிக்கெட் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். சேகர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டாம். டிக்கெட் வேலைதான் பிடித்திருந்தது. ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் கொண்டு சேர்ப்பது எனக்கு ஒரு போதை.

"இந்த ஒரு ட்ரிப் பண்றேன். இது சொதப்பினா நானே வந்து உங்க டெஸ்டிங் கிளாஸ்ல உட்கார்றேன். அப்புறம் டிக்கெட் பேச்சே எடுக்கமாட்டேன்."

சேகர் விவரமான ஆள். பயணத் தேதி முடிவானதும், அடுத்த வருஷம் ஜூன் மாதம் வேட்டைக்காரர்கள் கிளம்புகிற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிக்கிற வகுப்பில் என் பெயரைப் பதிவு பண்ணிவிட்டார்.

3

எங்கள் ஊர்ப்பக்கம் வேட்டை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா மகன்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் பிடிக்கப் போவார்கள். வலை ஒன்று, கம்பு இரண்டு, பீடிக்கட்டு. மத்தியானம் வெறுங்கையோடு வந்து கோழி அடிக்கச் சொல்வார்கள். அதற்குத் திட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

இங்கே ஒரு வருஷத் திட்டம். எந்தப் பண்ணையில் தங்குவது, எந்த மிருகத்துக்கு அனுமதி, சுட்டதன் கொம்பைப் பதப்படுத்தி எப்படி ஊருக்கு அனுப்புவது, துப்பாக்கிப் பெட்டிக்கு எந்தப் பூட்டு என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து அரைக்கால் சட்டைகளாக அடுக்கிவைத்திருந்தார்கள் அந்த எட்டுப் பேரும். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், ராத்திரி பல் கிட்டிப்போகும் என்று சொல்லி ஸ்வெட்டர் வாங்கவைத்தேன்.

தேதி குறிக்கிற அன்று வேய்ன் போன் பண்ணினார். "நிலா இல்லாத வாரமா வேணும், மிஸ் மல்லி. பௌர்ணமியில மிருகமெல்லாம் ராத்திரி வெளிச்சத்துலயே மேய்ஞ்சு முடிச்சிட்டுப் பகல்ல படுத்துக்கும். கண்ணுலயே படாது. அடுத்த வருஷம் நிலா எப்படி வருதுன்னு பார்க்கணும், கொஞ்சம் டைம் குடுங்க."

என் சமையலறைச் சுவரில் அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டர் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. கரூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. போனைக் காதில் வைத்தபடியே தாள்களைத் தூக்கிப் பார்த்து, வைகாசிக் கடைசியில் அமாவாசை எந்தக் கிழமை என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். கிளம்புவதற்கும் நிறைந்த அமாவாசைதான் நமக்கு உகந்தது என்று சொல்ல நினைத்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது சுங்க அலுவலகம். துப்பாக்கியை வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதென்றால், அது முன்பே இவருடையதுதான் என்று கிளம்புவதற்கு முன் காட்டிப் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும். வேய்ன் கோஷ்டிக்கு இதைக் கேட்டுத் தலை சுற்றியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் அவினாசி ரோட்டில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தவள் நான். வெளிநாடு போகிற பெண்களுக்கெல்லாம் நான் ஓதிய முதல் மந்திரம் இதுதான்: கழுத்தில் கையில் இருப்பதை விமான நிலையத்தில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, போட்டுக்கொண்டு போன அதே வளையலைப் புதிதாக வாங்கிவந்தது என்று வரி கேட்பார்கள். இரட்டைவடச் சங்கிலிக்குப் பதில் துப்பாக்கி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டுப் பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு டாலஸ் விமான நிலையத்தின் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். சுடிதார், நெற்றியில் பொட்டு, எனக்குப் பின்னால் தொப்பி வைத்த எட்டு ஆண்கள், ஆளுக்கொரு நீளப் பெட்டி. அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல உங்களோடது எது, மேடம்?" என்றார்.

"எல்லாமே என்னோடதுதான்" என்றேன்.

துப்பாக்கி எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூடப்போனவரை விடவில்லை. துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கிக்கும் தனி எண் இருக்கிறது, அதையும் எழுதுங்கள் என்று நின்றேன். சங்கிலியை எழுதிவிட்டுப் பதக்கத்தை விடுவார்களா? அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். வேய்னின் அப்பா என் முதுகில் லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

4

வீட்டுக்குள்தான் எனக்கு எதிரி. என் மகள் பவித்ராவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். நாம் தமிழில் பேசுவதெல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பதினொரு வயதில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, இனி கறி சாப்பிடமாட்டேன் என்றாள். சைவம் என்று எந்தச் சாமியும் அவளுக்குச் சொல்லவில்லை. யாரோ காட்டிய வீடியோ சொன்னது. புரட்டாசிச் சனிக்கிழமைகூடக் கோழிக் குழம்பின் வாசனைக்கு ஏங்குகிற எங்கள் குடும்பத்தில் இவள் ஒருத்தி வருஷம் முழுக்க விரதம்.

வேட்டை விஷயம் தெரிந்த அன்று, தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "யூ ஆர் ஹெல்ப்பிங் தெம் கில் அனிமல்ஸ், அம்மா. ஃபார் ஃபன்."

"நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன்டி. அவ்வளவுதான்."

"தட்ஸ் வாட் ஹெல்ப்பிங் மீன்ஸ்."

சேகர் இதற்கும் குறும்பாகச் சிரித்தார். அவருக்கென்ன, அப்பாவும் பெண்ணும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே கட்சியில் இருந்தார்கள்.

அது போதாதென்று, அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷ வசந்தத்தில் ஒரு பள்ளியில் மாணவர்களே மாணவர்களைச் சுட்டுக் கொன்றதால், அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் எங்கே பார்த்தாலும் துப்பாக்கியைப் பற்றித்தான் பேச்சு. பவித்ரா சில நாள் பள்ளிக்குப் போகவே பயந்தாள். அவளுடைய வகுப்பில் ஒவ்வொரு நாட்டிலும் துப்பாக்கிச் சட்டம் எப்படி என்று தேடி எடுத்துப் பேசச் சொன்னார்கள். அவள் நாடு நாடாகப் படித்தாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் நான் துப்பாக்கிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அவள் துப்பாக்கிகளைத் தடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் உப்பு, ஊறுகாய்.

எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அதைவிட வருத்தம் அதிகம். நான் சம்பாதிக்க ஆரம்பித்தால் என் மகள் என்னைப் பெருமையாகப் பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் காலை உணவை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

5

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லா டிக்கெட்டும் வந்துவிட்டது. டாலஸிலிருந்து லண்டன், அங்கே ஒரு ராத்திரி ஹோட்டல், மறுநாள் நமீபியா. ஹோட்டல் இலவசம்! அந்த விமானக் கம்பெனி கொடுக்கிற சலுகை அது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி நான் எத்தனை தமிழ்க் குடும்பங்களைப் பிடித்திருக்கிறேன் தெரியுமா? இலவச ஹோட்டல், காலை உணவோடு என்றால் ஒரு பகல் வீணானாலும் பரவாயில்லை என்பார்கள். வேட்டைக்காரர்களுக்கும் அதையே கஷ்டப்பட்டு வாங்கினேன். வேய்னின் அப்பாவும் கால் நீட்டிப் படுக்கலாம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஒரு புதன்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பி வாசல்வரை போன பவித்ரா திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முதுகுப்பையைக் கழற்றவில்லை.

"அம்மா, அவங்க லண்டன்ல ஹோட்டலுக்குப் போறப்ப, பேக்ஸ் எல்லாம் வெளிய எடுப்பாங்களா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"எடுக்காம? ராத்திரி தங்குறாங்கல்ல."

"கன்ஸும்?"

"ஆமாம்."

"அப்போ அவங்க அரெஸ்ட் ஆவாங்க" என்றாள். தன் பள்ளிக் குறிப்பைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். இங்கிலாந்து மண்ணில் துப்பாக்கியை வெளியே எடுப்பதென்றால் அந்த ஊர்ப் போலீஸின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதை வாங்க வாரக்கணக்காகும்.

நம்மவர்கள் பெட்டியில் ஊறுகாயும் புடவையும் இருக்கும். லண்டனில் எடுத்து மறுபடியும் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த நினைப்பிலேயே எட்டுத் துப்பாக்கிகளுக்கு இலவச ஹோட்டல் போட்டிருக்கிறேன். எழுபத்தாறு வயதுக்காரரை லண்டன் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைக்க இருந்தேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சாட்டர்டே." அவள் கண்களில் நீர் முட்டியிருந்தது. "நான் சொல்லாம இருந்தா ட்ரிப் கேன்சல் ஆயிடும்னு நினைச்சேன். ஐ வாண்டட் இட் டு. பட் அப்புறம் நீ அந்த கிளாஸுக்குப் போகணும்."

"அதனால சொன்னியா?"

"ஐ ஸ்டில் ஹேட் இட், அம்மா. பட் இட்ஸ் யுவர் கம்பெனி."

கம்பெனி என்றாள். என் சாப்பாட்டு மேஜையை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், முதுகுப்பையோடு சேர்த்து. பஸ் போய்விட்டது. நானே காரில் கொண்டுபோய் விட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

6

"ஃப்ராங்ஃபர்ட் வழியாப் போட்டா பிரச்சினையே இல்லம்மா" என்றார் மூர்த்தி அண்ணன் எடிசனிலிருந்து. "தங்க வேண்டாம். பெட்டி நேரா அந்த ஃப்ளைட்லேருந்து இந்த ஃப்ளைட்டுக்குப் போயிடும். அங்கேருந்து நமீபியாவுக்கு இடம் இருக்கு. ஆனா அன்னிக்கு டாலஸ் டு ஃப்ராங்ஃபர்ட் ஃபுல். ஒரு சீட்டு இல்ல. டேட் மாத்து."

தேதியை எப்படி மாற்றுவது? பண்ணை அந்த வாரத்துக்குத்தான். நிலாவும் அந்த வாரத்துக்குத்தான்.

"ஃபுல்லுன்னா யார் இருக்காங்க அதுல?"

"யாரா? சம்மர் லீவு. பாதி நம்ம ஆளுங்கதான். உன் குரூப்பே ஒண்ணு இருக்கே."

இருந்தது. சரோஜா ஆன்ட்டி குடும்பம், எட்டுப் பேர். ஆன்ட்டி பொள்ளாச்சிக்காரர். எங்கள் ஊர்த் தமிழர்களுக்கெல்லாம் பெரியவர். அவருடைய தங்கை மகள் கல்யாணம் ஆனி மாதம் முதல் முகூர்த்தத்தில். அமாவாசை கழிந்து வளர்பிறையில்தானே முகூர்த்தம் வரும்? அதனால் அவர்களும் அதே நாளில் கிளம்புகிறார்கள். வேட்டைக்காரர்களையும் கல்யாண வீட்டுக்காரர்களையும் ஒரே நிலா ஒரே விமானத்தை நோக்கித் துரத்தியிருக்கிறது. இவர்கள் எட்டு, அவர்கள் எட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நேரே ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் டெஸ்டிங் படி, டெஸ்டிங் படி என்று நச்சரிக்கிறவர் அவர்தான். அவருடைய இரண்டு மருமகள்களும் டெஸ்டிங்கில் இருந்தார்கள்.

"ஆன்ட்டி, உங்க டிக்கெட்டை லண்டன் வழியா மாத்திக்கிறீங்களா?"

"ஏங் கண்ணு, இருக்கறதுக்கு என்ன கொறச்சல்?"

"ஃப்ராங்ஃபர்ட்ல நாற்காலியில உட்கார்ந்தே கிடக்கணும் ஆன்ட்டி. லண்டன்னா ராத்திரி ஹோட்டல். ஃப்ரீ. காலையில டிபனும் உண்டு. உங்க எல்லார்கிட்டயும் அமெரிக்கன் பாஸ்போர்ட் இருக்கிறதால விசா தொல்லையும் இல்ல."

ஆன்ட்டி கணவரைப் பார்த்தார். அங்கிள் பேப்பரை இறக்கினார்.

"ராணியம்மா அரண்மனை ஹோட்டலுக்குப் பக்கமா?" என்றார் ஆன்ட்டி.

"டாக்ஸியில போயிட்டு வந்திடலாம் ஆன்ட்டி."

"ஃபிரைடே எத்தனை மணிக்குக் கிளம்புது? ராகு காலம் வருதா?"

"சாயங்காலம் கிளம்புது. ராகு காலம் காலையிலயே முடிஞ்சிரும்."

"அப்பறமென்ன சாமி, மாத்து. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னையே கடிந்துகொண்டார். எதற்காக மாற்றுகிறேன் என்பதையும் அப்போதே சொன்னேன். ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்தார். பிறகு, "அந்தப் பெரியவர் பாவம், போய்ட்டு வரட்டும்" என்றார்.

ஆனால் டிக்கெட் என்பது பஸ் சீட்டு இல்லை, ஆள் மாறி உட்கார்ந்துகொள்ள. இரண்டு கூட்டத்தின் இடங்களையும் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு உடனே மறுபடியும் பிடிக்க வேண்டும். விடுகிற நொடியில் உலகத்தில் எந்த ஏஜெண்ட் வேண்டுமானாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். போய்விட்டால் பதினாறு பேரும் நடுத்தெருவில். கல்யாண வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏஜெண்டுகள் சர்ச்சிலும் படுக்கையிலும் இருக்கிற நேரம் பார்த்து, எடிசனில் மூர்த்தி அண்ணனும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். நான் இங்கே போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சேகர் காபி டம்ளரோடு சுவரில் சாய்ந்து நின்றார். பவித்ரா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"விடறேன்மா" என்றார் அண்ணன். விசை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "லண்டன் எட்டும் வந்திருச்சு. கல்யாண வீடு சேஃப்." மறுபடியும் தட்டுகிற சத்தம். "ஃப்ராங்ஃபர்ட்... ஏழு. ஏழு வந்திருக்கு. ஒண்ணைக் காணோம்."

"காணோம்னா?"

"எவனோ கொத்திட்டான்மா. இரு... இரு... இரு..." அவர் மனைவி பின்னால் ஏதோ கத்தினார். "வந்திருச்சு! எட்டு! வெயிட்டிங்லேருந்து ஒண்ணு விழுந்திருக்கு! மல்லிகா, எட்டும் கன்ஃபர்ம்!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சேகர் ஆறிப்போன தன் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய் எனக்கு ஒரு புதுக் காபி போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் போட்ட காபியைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வேய்னுக்குப் போன் பண்ணி, "உங்க ஃப்ளைட் ப்ரிபோன் ஆயிருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாம் பேசுகிற அந்த ஆங்கில வார்த்தை இங்கிலீஷ்காரர்களுக்கே தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்சம் முன்னாடியே கிளம்புது என்று விளக்கிச் சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். கண்டுபிடித்தது என் மகள் என்றும் சொன்னேன். எங்கள் வீட்டு வேட்டைச் சண்டை அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"வேட்டையே பிடிக்காத அந்தப் பாப்பாவா?" என்றார். "எங்கப்பாகிட்ட சொல்றேன், மிஸ் மல்லி."

7

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் என் கையில் குளியலறைத் தராசு. நம் வீடுகளில் பெட்டி எடை பார்ப்பதற்குத்தானே அது இருக்கிறது. தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி இத்தனை பவுண்டுக்குள் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொருவரையும் நிறுத்தி எடை போட்டு, அதிகம் வைத்திருந்த வேய்னின் தம்பியிடமிருந்து பிடுங்கி எடுத்து அடுத்தவர் பெட்டியில் போட்டேன். புளியும் மிளகாய்த்தூளும் இப்படி எத்தனை பெட்டி மாற்றியிருப்பேன்! வரிசையில் நின்ற மற்ற பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் எட்டுப் பெட்டிகளுக்கும் சீட்டு ஒட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்றாள். வேய்னின் அப்பா வீல்சேரில் ராஜா மாதிரி உட்கார்ந்து எனக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் அதே விமான நிலையத்துக்கு மறுபடியும் போய்ச் சரோஜா ஆன்ட்டி குடும்பத்தையும் ஏற்றிவிட்டேன்.

ஞாயிறு காலை போன் வந்தது. வேய்ன் கத்தினார், அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கத்தினார்கள். எட்டுப் பேர், எட்டுத் துப்பாக்கி, ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நமீபியப் போலீஸ்காரர் விமான நிலையத்திலேயே எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டாராம். வேய்னின் அப்பா பண்ணை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்கமாட்டேன் என்கிறாராம். "அடுத்த வருஷத்துக்கு எங்க சர்ச்ல இன்னொரு கூட்டம் ரெடி. உங்க நம்பரைக் குடுத்துட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அது சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

திங்கட்கிழமை மாலை சேகர் கார்ச் சாவியை எடுத்தார். பவித்ரா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். காரை எடுத்துத் தெருமுனைக்கு வந்ததும் சேகர் வண்டியை நிறுத்தினார். இடது பக்கம் திரும்பினால் டெஸ்டிங் வகுப்பு.

"ஏங்க, ரைட்ல திரும்புங்க" என்றேன். "அந்த மளிகைக் கடை வரிசையில ஒரு இடம் வாடகைக்குன்னு போர்டு போட்டிருக்கான். பார்த்துட்டு வரலாம். இனிமே சாப்பாட்டு மேஜையில சாப்பாடு மட்டும்தான்."

சேகர் என்னைப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் இருக்கிற மகளையும் பார்த்தார். பிறகு ரைட்டுக்கு இண்டிகேட்டர் போட்டார்.

"வெயிட்" என்றாள் பவித்ரா. "ஆபீஸ்னா ரூல்ஸ் வேணும். நோ எலிஃபண்ட்ஸ்."

"யாரு யானை சுடப்போறா?"

"சே இட், அம்மா."

"சரி. யானை கிடையாது."

"நோ லயன்ஸ். நோ லெப்பர்ட்ஸ்."

"சிங்கம் கிடையாது, சிறுத்தை கிடையாது. போதுமா?"

அவளுக்குப் போதவில்லை. வாடகைக்கு விடுகிற கடை வாசலில் காரை நிறுத்தின பிறகும் நாங்கள் இறங்காமல் பேசிக்கொண்டிருந்தோம். சேகர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு வருஷமாகிறது. யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றிலும் அவள் ஜெயித்துவிட்டாள். கேட்டு வருகிற வாடிக்கையாளர்களிடம் அவற்றுக்கெல்லாம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன், எங்கள் கம்பெனிச் சட்டம் அப்படி என்று. மான் விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.